லண்டனில் 4 வார எலெக்டிவ்: தடுப்பூசி ரிப்போர்ட், வார்டு வழக்கம், ஈழத் தமிழ் நோயாளிகள் – விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோட்டையூர் மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு, அரசு மருத்துவக் கல்லூரி. வரும் மே மாதம் லண்டனில் ஒரு என்.எச்.எஸ். (பிரிட்டன் அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் 4 வாரம் எலெக்டிவ் (நாமே தேர்ந்தெடுக்கும் பயிற்சி) உறுதியாகிவிட்டது. இப்போது அக்டோபர், கையில் ஏழு மாதம் இருக்கிறது.

அவர்கள் அனுப்பிய படிவத்தில் ஹெப்படைட்டிஸ் பி, எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஒரே ஊசி), சின்னம்மை, காசநோய் நான்குக்கும் ஆதாரம் கேட்கிறார்கள். என் சின்ன வயது ஊசி அட்டை வீட்டில் இல்லை. எனக்கு ஐந்து வயதில் அம்மை போட்டதாக ஆயா (பாட்டி) சொல்கிறார்கள், அதை எழுதிக் கொடுத்தால் போதுமா?

இங்கே வார்டில் ரத்தம் எடுக்கிறோம், வென்ஃப்ளான் (நரம்பில் ஏற்றும் ஊசிக்குழாய்) போடுகிறோம், ரைல்ஸ் ட்யூப் (மூக்குவழி வயிற்றுக்குழாய்) இறக்குகிறோம். அங்கே எதுவரை செய்யலாம்? நம்மூர்ப் பழக்கத்தில் எது அங்கே தப்பாகும்? அந்தப் பகுதியில் தமிழ் நோயாளிகள் நிறைய வருவார்கள் என்றும் சொன்னார்கள், அவர்களுக்கு நான் மொழிபெயர்க்கலாமா? கையில் குன்றக்குடிக் கோயில் கயிறும் இரண்டு தங்க வளையலும் இருக்கின்றன. கழற்றத்தான் வேண்டுமா?

பள்ளத்தூர் லேப்:

தங்கச்சி, முதலில் ஊசி விஷயம். ஏழு மாதம் நிறைய என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இழுத்துப் பிடித்துத்தான் வரும்.

ஹெப்படைட்டிஸ் பி முழுக் கோர்ஸ் 0, 1, 6 மாதம். இன்று ஆரம்பித்தால் மூன்றாவது ஊசி ஏப்ரலில் விழும். ஆன்டிபாடி (ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருள்) பார்க்க அதற்கு மேல் 1 முதல் 2 மாதம் போக வேண்டும். அதற்குள் நீங்கள் லண்டனுக்குப் போய்த் திரும்பியே வந்திருப்பீர்கள். அதனால் ஊசியை விட்டுவிட்டு இந்த வாரமே ஆன்டி-எச்.பி.எஸ். டைட்டர் (அந்த ஆன்டிபாடியின் அளவு) பாருங்கள். கல்லூரியில் முதலாண்டில் மூன்று டோஸ் போட்டிருந்தால் பெரும்பாலும் எண் வந்துவிடும். 10 மி.ஐ.யூ./மி.லி. என்பது குறைந்தபட்சம், 100க்கு மேல் இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இடையில் இருந்தால் ஒரு பூஸ்டர் போடச் சொல்வார்கள். கோர்ஸ் முடித்தும் 10க்குக் கீழே என்றால் ஒரு டோஸ் போட்டு 4 வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இதுவரை போட்டதே இல்லை என்றால் 0, 1, 2 மாதம் என்ற வேகக் கோர்ஸ் இருக்கிறது. டிசம்பரில் முடியும், ஜனவரி கடைசியில் டைட்டர் பார்க்கலாம், 12ஆம் மாதம் இன்னொரு டோஸ் பாக்கி.

ரிப்போர்ட் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கும். ‘ரியாக்டிவ்’ என்று மட்டும் அடித்துக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள், எண் வேண்டும், அலகு வேண்டும். வயது 21 என்று போட்டால் பற்றாது, பிறந்த தேதி வேண்டும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நம்ம ஆட்கள் லேபில் வந்து ‘எம். மீனாட்சி’ என்று சொல்வார்கள், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். அங்கே உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இரண்டும் இரண்டு ஆள். ரத்தம் கொடுக்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி, அடையாளம் சரிபார்த்ததாக ரிப்போர்ட்டில் ஒரு வரி போட்டு வாங்குங்கள். ஆபரேஷன் தியேட்டர், பிரசவ வார்டு என்று போகிறவர்களுக்கு எச்.பி.எஸ். ஆன்டிஜென் (ஹெப்படைட்டிஸ் பி கிருமியின் புரதம்), எச்.சி.வி. (ஹெப்படைட்டிஸ் சி), எச்.ஐ.வி. மூன்றும் கேட்பார்கள், அதற்கு இந்த அடையாள வரி கட்டாயம். இதில் ஒரு கண்ணி உண்டு. ஹெப்படைட்டிஸ் பி ஊசி போட்ட மூன்று வாரத்துக்குள் ஆன்டிஜென் பார்த்தால், ஊசி மருந்தே ரத்தத்தில் தெரிந்து பாசிட்டிவ் காட்டக்கூடும். ரத்தத்தைக் கொடுத்துவிட்டு ஊசி போடுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள்.

அம்மை விஷயத்தில் ஆயா சொல் செல்லாது. ஆயா பொய் சொல்லவில்லை, நம் பேச்சில் ‘அம்மை’ என்றால் எதுவாகவும் இருக்கலாம் என்பதுதான் சிக்கல். சின்னம்மை ஒன்று, மணல்வாரி என்கிற தட்டம்மை ஒன்று, பொன்னுக்கு வீங்கியைக்கூடப் புட்டாலம்மை என்போம். வேப்பிலை கட்டியது எல்லாவற்றுக்கும்தான். தவிரவும், வெப்ப நாட்டில் வளர்ந்தவர்களுக்கு ‘வந்திருக்கிறது’ என்ற வாய்ச்சொல்லை வைத்து முடிவெடுக்காமல் வேரிசெல்லா ஐ.ஜி.ஜி. (சின்னம்மை ஆன்டிபாடி) பார்ப்பதே அங்கே வழக்கம். அதைக் கொடுத்துவிடுங்கள். பாசிட்டிவ் என்றால் முடிந்தது, நெகட்டிவ் என்றால் 4 முதல் 8 வார இடைவெளியில் இரண்டு டோஸ்.

எம்.எம்.ஆரில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மாட்டுகிற இடம் வேறு. 2017இல் பள்ளிக்கூடங்களில் போட்ட ஊசி எம்.ஆர்., அதாவது தட்டம்மையும் ரூபெல்லாவும் மட்டும். புட்டாலம்மை அதில் இல்லை. அதுவும் ஒரு டோஸ்தான். தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் ஐ.ஜி.ஜி. பாருங்கள். இல்லையென்றால் பேசாமல் 4 வாரம் விட்டு இரண்டு எம்.எம்.ஆர். போட்டு அட்டை வாங்குங்கள், அதுதான் செலவும் குறைவு.

வரிசை முக்கியம். எம்.எம்.ஆரும் சின்னம்மை ஊசியும் உயிருள்ள கிருமி ஊசிகள். ஒரே நாளில் இரண்டையும் போடலாம், தவறினால் 4 வாரம் விட வேண்டும். எம்.எம்.ஆர். போட்ட பிறகு சில வாரம் மான்டூ (காசநோய்த் தோல் சோதனை) பொய்யாக நெகட்டிவ் காட்டக்கூடும், ஆகவே காசநோய்ச் சோதனையை முதலில் முடியுங்கள். மான்டூவைத் திங்கள் அல்லது செவ்வாய் போட்டுக்கொள்ளுங்கள். 48 முதல் 72 மணிக்குள் படிக்க வேண்டும். வியாழன் போட்டால் சனி, ஞாயிறில் விழும், படிக்க ஆள் இருக்காது. சிவப்பை அளக்கக் கூடாது. தடவிப் பார்த்தால் கையில் தட்டுப்படும் தடிப்பை மட்டும், முன்கைக்குக் குறுக்காக, மில்லிமீட்டரில் எழுத வேண்டும்.

பிறந்ததும் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போட்ட நமக்கு மான்டூ குழப்பும், அதனால் பலர் குவான்டிஃபெரான் (காசநோய் ரத்தச் சோதனை) கேட்பார்கள். காரைக்குடியில் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்புவதாக இருந்தால், எடுத்த நேரத்தைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நான்கு குழாய், ஒவ்வொன்றிலும் 1 மி.லி., கோட்டுக்குள் நிற்க வேண்டும். பத்து முறை நன்றாகக் குலுக்கி, 16 மணி நேரத்துக்குள் 37 டிகிரி இன்குபேட்டருக்குள் போயாக வேண்டும். சாயங்காலம் எடுத்து ராத்திரி பஸ்ஸில் ஏற்றிவிட்டு மறுநாள் மத்தியானம் பெட்டியைப் பிரித்தால் ‘இன்டிடர்மினேட்’, அதாவது முடிவு சொல்ல முடியாது என்று வரும், காசு போச்சு. காலையில் கொடுங்கள். பாசிட்டிவ் வந்தால் பதற வேண்டாம். இருமல், எடைக்குறைவு இல்லாமல் நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தால் அது உறங்கும் கிருமி. எக்ஸ்ரே ரிப்போர்ட்டோடு நெஞ்சக மருத்துவர் கடிதமும் சேர்த்து அனுப்புங்கள்.

தேவகோட்டை – இப்போது பர்மிங்ஹாம்:

லேப் அண்ணன் சொன்னதற்கு மேல் ஊசியில் சொல்ல ஒன்றுமில்லை. வார்டுக்கு வருகிறேன்.

எதுவரை செய்யலாம் என்பதற்கு விடை விசாவிலேயே இருக்கிறது. எலெக்டிவுக்கு வரும் மாணவருக்குப் பார்வையாளர் விசா. சம்பளம் கிடையாது, நோயாளிக்குச் சிகிச்சை செய்யக் கூடாது. வரலாறு கேட்கலாம், அனுமதி வாங்கி மேற்பார்வையில் பரிசோதிக்கலாம், ரவுண்ட்ஸில் கேஸ் சொல்லலாம். வென்ஃப்ளான் ஊரில் நூறு போட்ட கை என்றாலும், அங்கே அந்த டிரஸ்ட் (மருத்துவமனை நிர்வாகம்) எழுத்தில் அனுமதிக்காமல் ஊசியைத் தொடாதீர்கள். நைட் டியூட்டி ஜூனியர் ‘நீ போடேன்’ என்பார், நல்ல எண்ணத்தில்தான். ‘எனக்கு அனுமதி இல்லை, பக்கத்தில் நின்று பார்க்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

வெள்ளைக் கோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், அங்கே யாரும் போடுவதில்லை. முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது என்பது விதி. வாட்ச், வளையல், கயிறு, முழுக்கை எதுவும் ஆகாது. கல் பதிக்காத ஒற்றை மோதிரம் மட்டும் விலக்கு. குன்றக்குடிக் கயிற்றைக் கழற்ற மனமில்லை என்றால் கணுக்காலிலோ புஜத்திலோ கட்டிக்கொள்ளலாம். காரணம் எளிது, மணிக்கட்டில் ஈரக் கயிறு இருந்தால் கழுவுகிற கழுவல் வீண்.

கை கழுவ வேண்டிய தருணங்கள் ஐந்து, நம்மவர்கள் தோற்பது ஐந்தாவதில். நோயாளியைத் தொடும் முன், சுத்தமான செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின் – இந்த நான்கும் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஐந்தாவது இது: நோயாளியைத் தொடாமல் கட்டில் கம்பியையோ சார்ட்டையோ மட்டும் தொட்டுவிட்டு நகர்ந்தால் அதற்கும் ஜெல் போட வேண்டும். ஜெல் 20–30 விநாடி. வயிற்றுப்போக்கு நோயாளி என்றால் ஜெல் பயன்படாது. வயிற்றுப்போக்கு தரும் சி. டிஃபிசீல் கிருமியின் வித்து (ஸ்போர்) ஆல்கஹாலுக்குச் சாகாது. சோப்பும் தண்ணீரும்தான், 40–60 விநாடி.

குப்பைப் பையின் நிறத்தில் கை தானாகத் தவறும். நம்மூரில் 2016 விதிப்படி கையுறை, ட்யூப் எல்லாம் சிவப்புப் பை, ஊசி வெள்ளை டப்பா, கண்ணாடி நீலம். அங்கே சிவப்புப் பையைத் தேடாதீர்கள். தொற்றுள்ள மென்கழிவு ஆரஞ்சுப் பை, எரிக்க வேண்டியது மஞ்சள் பை, தொற்றில்லாத கையுறை, டயப்பர் வகை மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட பை. ஊசிக்கு மஞ்சள் டப்பா. மூடி ஊதா என்றால் அது புற்றுநோய் மருந்துக்கு, அதில் சாதாரண ஊசியைப் போடாதீர்கள்.

அடுத்து நியூஸ்-2, நோயாளி மோசமாகிறாரா என்று எண்ணில் காட்டும் அட்டவணை. இதை ஊரிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போனால் முதல் நாளே வார்டு புரியும். ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய மதிப்பெண் முறை. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 74 வயதுப் பெண்மணி, நிமோனியா. மூச்சு 22: அதற்கு 2. ஆக்சிஜன் அளவு 94: அதற்கு 1. அந்த 94 மூக்குக் குழாயில் ஆக்சிஜன் போகும்போது வந்தது: அதற்குத் தனியாக 2. மேல் ரத்த அழுத்தம் 108: 1. நாடி 112: 2. நினைவு தெளிவு: 0. காய்ச்சல் 38.4: 1. கூட்டினால் 9. 5 வந்தாலே டாக்டர் விரைந்து வந்து பார்க்க வேண்டும், 7 முதல் அவசர நிலை. பாருங்கள், எந்த ஒரு எண்ணும் தனியாகப் பயமுறுத்தவில்லை. 108/70 நம் ஓ.பி.யில் ‘பி.பி. நார்மல்’ என்று எழுதிவிட்டுப் போகிற எண். சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்த அம்மா சரிந்துகொண்டிருப்பது தெரிகிறது.

பிழை மூன்று இடத்தில் வரும். மூச்சை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது: ஒன்று விட்டுப்போனால் நான்கு குறையும், 24 என்பது 20 ஆகி மதிப்பெண் 2 காணாமல் போகும். முழு நிமிடம் எண்ணுங்கள். அடுத்தது, ஆக்சிஜனுக்கான 2ஐ மறப்பது. மூன்றாவது, வயதானவர் புதிதாகக் குழம்பிப் பேசினால் ‘வயசாச்சு’ என்று 0 போடுவது. புதுக் குழப்பத்துக்கு 3, அந்த ஒன்றே டாக்டரை வரவைக்கப் போதும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பில் கரியமிலவாயு தேங்குகிறவர்களுக்கு இலக்கு 88–92, அவர்களுக்கு வேறு அளவுகோல். அதை மாற்றுவது டாக்டர் முடிவு, நீங்களாக மாற்றக் கூடாது.

அலகு வேறு என்பதால் லேப் எண்கள் முதல் வாரம் உறைக்காது. சர்க்கரையை 18ஆல் பெருக்குங்கள்: 7.0 என்றால் 126, 11.1 என்றால் 200. 4க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. ஹீமோகுளோபின் 98 என்றால் நம் 9.8. கிரியாட்டினினை 88ஆல் வகுங்கள், 177 என்றால் 2. எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 48 என்பது நம் 6.5 சதவீதம். பொட்டாசியமும் சோடியமும் மாறாது.

கடைசியாக, பெயர். நோயாளியின் கட்டிலருகே போனதும் உங்கள் பெயர், மருத்துவ மாணவி என்பது, எதற்கு வந்தீர்கள் என்பது – இந்த மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் போர்வையில் கை வைக்க வேண்டும். கேட் கிரேஞ்சர் என்ற மருத்துவர் தாமே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, பெயர் சொல்லாமலே வந்து தொட்டுப் போனவர்களைப் பார்த்து 2013இல் ‘ஹலோ மை நேம் இஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். 2016இல் மறைந்துவிட்டார். அந்த வாசகம் போட்ட பேட்ஜை நிறையப் பேர் சட்டையில் பார்ப்பீர்கள். நோயாளி வேண்டாம் என்றால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள், அங்கே அதில் வாதம் கிடையாது.

ஈஸ்ட்ஹாம் நர்ஸ் ஆச்சி:

ஆத்தா, மொழி விஷயம் நான் சொல்றேன். பேச்சுத்துணைக்குத் தமிழ் பேசுங்க, தண்ணி வேணுமா, வலி எங்கேன்னு கேளுங்க, தப்பே இல்லை. ஆபரேஷன் சம்மதம், புது நோய் பேரைச் சொல்றது, மருந்து அளவு – இந்த மூணுக்கும் நடுவுல நிக்காதீங்க. அதுக்குச் சம்பளத்துக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு, போனிலேயும் கிடைப்பாங்க. ‘உனக்குத்தான் தமிழ் தெரியுமே’ன்னு யார் சொன்னாலும் மேற்பார்வை டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யுங்க.

ஏன்னா அங்கே வர்ற தமிழ் ஆளுங்கள்ல நிறையப் பேர் ஈழத்தமிழர். நம்ம தமிழுக்கும் அவங்க தமிழுக்கும் ஆஸ்பத்திரிச் சொல்லு நிறைய வேறே. ‘வருத்தம்’னா அவங்களுக்கு நோய். ‘வருத்தம் கூடிட்டுது’ன்னு சொன்னா நோய் முத்திடுச்சுன்னு அர்த்தம். நாம மனசு சரியில்லைன்னு எழுதிட்டு வந்துடுவோம். ‘சீனி வருத்தம்’ சர்க்கரை நோய். ‘சத்தி’ன்னா வாந்தி. ‘நோ’ன்னா வலி, ‘வயித்து நோ’. ‘குளிசை’ மாத்திரை, ‘தடிமன்’ ஜலதோஷம், ‘தொய்வு’ ஆஸ்துமா. ‘வயித்தாலை போகுது’ன்னா பேதி. ரொம்பக் கவனமா இருக்க வேண்டிய சொல்லு ‘சலம்’. நம்ம பக்கம் புண்ணுல சலம் பிடிச்சிருக்குன்னா சீழ். அவங்களுக்குச் சலம்னா மூத்திரம். ‘சலம் எரியுது’ன்னு ஒரு ஐயா சொன்னா புண்ணைத் தேடிட்டு இருக்கக் கூடாது, யூரின் அனுப்பணும். புரியலைன்னா ‘நீங்க சொல்றது இதுவா’ன்னு கையால் காட்டிக் கேட்டுக்கணும், ஊகிக்கக் கூடாது.

நம்ம சொல்லும் அவங்களுக்கு ஓடாது. உடம்பு சரியில்லையான்னு கேட்க ‘மேலுக்கு முடியலையா’ன்னா முழிப்பாங்க.

இன்னொன்னு. வார்டுல பார்த்த ஆளை வெளியே கோயில்லயோ கடைத்தெருவிலயோ பார்த்தா நீங்களா போய் ‘இப்போ எப்படி இருக்கு’ன்னு கேட்காதீங்க. பக்கத்துல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு அவங்க ஆஸ்பத்திரியில இருந்ததே தெரியாம இருக்கலாம். லண்டன்ல இந்த ஈஸ்ட்ஹாம் பகுதியில எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், நம்ம ஊர் மாதிரிதான். வார்டு படம் எதையும் வாட்ஸ்ஆப்ல போட வேண்டாம், நோயாளி முகம் இல்லாட்டியும்.

கோட்டையூர் மாணவி:

ரொம்ப நன்றி அண்ணே, ஆச்சி. டைட்டருக்கு நாளைக்கே கொடுக்கிறேன். இரண்டு கேள்வி பாக்கி. ஊசியைத் தொடாமல் இருந்தாலும், கட்டிலில் யாரோ விட்ட ஊசி குத்திவிட்டால் அங்கே என்ன நடைமுறை? பெட்டியில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது? வீட்டில் இப்போதே பட்டியல் போடுகிறார்கள்.

தேவகோட்டை – இப்போது பர்மிங்ஹாம்:

குத்திய உடனே ஓடுகிற தண்ணீரில் காட்டி ரத்தம் தானாக வடிய விடுங்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது, பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. வார்டு பொறுப்பாளரிடம் சொல்லி, பகலில் ஊழியர் நலப் பிரிவுக்கும் ராத்திரியில் அவசரப் பிரிவுக்கும் போங்கள். நோயாளி யார் என்று தெரிந்தால், அவரிடம் ரத்தச் சோதனைக்குச் சம்மதம் கேட்பது வேறொரு ஊழியர் வேலை, குத்துப்பட்ட நீங்கள் கேட்கக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவை என்று முடிவானால் முதல் சில மணி நேரத்தில் தொடங்குவது நல்லது, 72 மணி தாண்டினால் பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். பாதுகாப்பில்லாத ஆளுக்கு ஹெப்படைட்டிஸ் பி ஒட்டும் வாய்ப்பு 100க்கு 30 வரை போகும், எச்.ஐ.வி. 1000க்கு 3. லேப் அண்ணன் டைட்டர் எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றது இதற்காகத்தான். ஷிஃப்ட் முடியட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கானாடுகாத்தான் டிராவல்ஸ்:

தங்கச்சி, பெட்டிக்கு நான். உப்புக்கண்டம் கண்டிப்பாக வேண்டாம். இறைச்சியும் பால் பொருளும் பிரிட்டனுக்குள் தனி ஆள் கொண்டுபோகத் தடை, விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். நெய்ப் பாட்டில், பால்கோவாவும் அதே கணக்கு. எண்ணெயில் சுட்ட தேன்குழல், சீப்புச் சீடை, வற்றல், மசாலாப்பொடி போகும், கடை சீலோடு இருந்தால் பேச்சு குறைவு. கொஞ்சமாக வையுங்கள், ஈஸ்ட்ஹாமில் எல்லாம் கிடைக்கும்.

டீன் கடிதத்தில் எந்தக் கோர்ஸ், எந்த வருடம், எலெக்டிவ் தொடங்கும் நாள், முடியும் நாள், சம்பளம் இல்லை என்ற வரி, திரும்பி வந்து படிப்பைத் தொடர்வார் என்ற வரி – இத்தனையும் இருக்க வேண்டும். தேதி லண்டன் கடிதத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள், ஒரு நாள் மாறினாலும் விசாவில் கேள்வி வரும். காவல்துறைச் சான்று கேட்டிருந்தால் பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்க வேண்டும், நமக்கு மதுரை அலுவலகம். 6 மாதத்துக்கு உட்பட்ட பயணம் என்பதால் விசாவுக்கென்று தனிக் காசநோய்ச் சான்று தேவையில்லை. மருத்துவமனை கேட்பது வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது மருத்துவமனைப் பயிற்சி என்பதை எழுதிக் கொடுத்து எடுங்கள். சுற்றுலா என்று எடுத்த பாலிசி ஊசிக்குத்துக்குக் கைகொடுக்காமல் போகலாம்.

எலெக்டிவ் லாக்புக்கை (பயிற்சிப் பதிவேடு) கைப்பையில் வையுங்கள். 75 சதவீத வருகையும் லாக்புக்கும் இல்லாமல் கடைசி வருடப் பரீட்சை எழுத விட மாட்டார்கள். கன்சல்டன்ட் (பிரிவின் மூத்த மருத்துவர்) வாரம் ஒருமுறைதான் முழுதாகச் சிக்குவார், அந்த வெள்ளிக்கிழமையே அந்த வாரத்துப் பக்கங்களில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.